எண்ணெய் வாங்கியது நாடு, அபராதம் கட்டுவது திருப்பூர்

வெளியுறவுத் துறை, வணிகத் துறை அமைச்சர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பூர், அக்டோபர் 2025

மாண்புமிகு அமைச்சர்களே,

ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்காவில் இறங்கும் இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் கூடுதல் வரி. அதில் பாதி, ரஷ்யாவிடம் நாம் எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை என்று அந்நாட்டு அதிபரின் உத்தரவிலேயே எழுதியிருக்கிறது. எண்ணெய் வாங்கலாம் என்ற முடிவு டெல்லியில் எடுக்கப்பட்டது. கப்பல்களில் பெரும்பகுதி குஜராத் கரையில் இறங்கின. தண்டனை மட்டும் திருப்பூரில், என்னைப் போன்றவர்களின் தையல் கூடங்களில் நிறைவேறிக்கொண்டிருக்கிறது. யாரைக் கேட்டு இப்படிப் பிரித்துக் கொடுத்தீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

நான் ஏற்றுமதியாளர் இல்லை. தையல் மிஷினில் உட்கார்ந்து தொழில் கற்று, பிறகு சொந்தமாகப் பவர் டேபிள் போட்டவள். பெரிய கம்பெனிகள் துணியை வெட்டி பண்டல் கட்டி அனுப்பும். ஓவர்லாக், பிளாட்லாக், சிங்கர் ஓட்டித் தைத்து, பிசிறு வெட்டி, செக்கிங் முடித்துத் திருப்பி அனுப்புவோம். பீசுக்கு இவ்வளவு என்று கூலி. திருப்பூர் ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிறது என்று மேடைதோறும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்தச் சரக்கில் கணிசமான பகுதி எங்கள் மேசைகளைக் கடந்துதான் துறைமுகம் போகிறது. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு.

வரி என்ன செய்தது என்பதை ஒரு லாட்டை வைத்துச் சொல்கிறேன். குழந்தைகளுக்கான பருத்தி டி-ஷர்ட். பாதிக்கு மேல் தைத்து முடித்திருந்தபோது கம்பெனியிலிருந்து போன்: "நிறுத்தி வையுங்கள், பையர் விலையைக் குறைக்கச் சொல்கிறார்." பேச்சுவார்த்தை நடந்தது. கடைசியில் ஆர்டரே இல்லை என்றார்கள். அந்த டி-ஷர்ட்டின் கழுத்தில் ஓர் அமெரிக்கக் கடையின் லேபிள் ஏறியிருக்கிறது. அந்தப் பெயரோடு உள்ளூரில் விற்கக்கூடாது என்பது ஒப்பந்தம். லேபிளைப் பிரித்தால் கழுத்துப்பட்டியில் ஊசி போன தடம் வரிசையாகத் தெரியும். எங்கள் ஊர் ஆடைச் சந்தையான காதர்பேட்டையின் வியாபாரி எடுத்துப் பார்த்துவிட்டுக் கிலோ விலை சொன்னார். அதையும் நான் விற்க முடியாது, ஏனென்றால் துணி கம்பெனியுடையது. தைத்த கூலி மட்டும்தான் என்னுடையது, அது இன்னும் வரவில்லை. தைத்தவர்களுக்குச் சனிக்கிழமை சம்பளத்தைக் கையிலிருந்து போட்டுக் கொடுத்தேன். பண்டல்கள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கின்றன. பாதி மிஷின்களுக்கு உறை போட்டு மூடிவிட்டேன்.

பையரைக் குறைசொல்லிப் பயனில்லை. அவர் கணக்கு எளிது. பருத்தி டி-ஷர்ட்டுக்கு அமெரிக்காவில் ஏற்கெனவே 16.5 சதவீத இறக்குமதி வரி உண்டு. வங்கதேசச் சரக்குக்கும் வியட்நாம் சரக்குக்கும் இப்போது கூடுதலாக 20 சதவீதம், பாகிஸ்தானுக்கு 19. நமக்கு 50. அதாவது நூறு ரூபாய் டி-ஷர்ட்டை டாக்காவிலிருந்து இறக்கினால் வரி 36 ரூபாய் 50 காசு, திருப்பூரிலிருந்து இறக்கினால் 66 ரூபாய் 50 காசு. முப்பது ரூபாய் வித்தியாசம். நூற்றுக்குப் பத்து ரூபாய்கூட லாபம் நிற்காத தொழில் இது. எந்தத் திறமையாலும், எவ்வளவு ஓவர்டைம் பார்த்தாலும், அந்த முப்பது ரூபாயை நாங்கள் ஈடுகட்ட முடியாது.

வழியில் இருக்கும் சரக்குக்கு விலக்கு உண்டு என்றார்கள். ஆகஸ்ட் 27க்கு முன் கப்பலேறி, செப்டம்பர் 17க்கு முன் அமெரிக்காவில் இறங்கினால் தண்டனை வரி இல்லையாம். தூத்துக்குடியிலிருந்து அமெரிக்கா போய்ச் சேர மாதத்துக்கு மேல் ஆகிறது. செங்கடலில் ஏமனின் ஹூதி கிளர்ச்சியாளர்களின் தாக்குதல் தொடங்கியதிலிருந்து பல கப்பல்கள் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் போகின்றன. உத்தரவு வெளியானது ஆகஸ்ட் 6. அன்றைக்கே கப்பல் கிளம்பியிருந்தால்தான் அந்த விலக்குக்கு அர்த்தம் இருந்திருக்கும். அது தெரியாமல் எத்தனையோ கம்பெனிகள் அந்த மூன்று வாரமும் இரவு பகலாகச் சரக்கை முடித்து அனுப்பின. நாங்களும் விடிய விடியத் தைத்தோம்.

அரசு ரஷ்ய எண்ணெய் வாங்கியது தவறு என்று நான் சொல்லவில்லை. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்குவதற்கு முன், நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு இரண்டு சதவீத அளவில்கூட இல்லை. இரண்டு ஆண்டுகளில் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. காரணம் கொள்கையைவிட முதலில் விலை. ஐரோப்பா வாங்க மறுத்ததால் ரஷ்யா தள்ளுபடி கொடுத்தது, நாம் வாங்கினோம். ஏழை நாடு மலிவாகக் கிடைப்பதை வாங்குவதில் என்ன குற்றம்? பீப்பாய்க்கு 60 டாலர் என்று விலைவரம்பு வைத்து, அந்த எண்ணெய் சந்தைக்கு வந்துகொண்டே இருக்கட்டும் என்று ஏற்பாடு செய்ததே அமெரிக்காவும் அதன் கூட்டாளிகளும்தான். நம்மைவிட அதிகமாக ரஷ்யக் கச்சா எண்ணெய் வாங்கும் சீனாவுக்கு இந்தத் தண்டனை இல்லை. ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா யுரேனியமும் பல்லேடியமும் உரமும் வாங்குகிறது என்று ஆகஸ்ட் 4ஆம் தேதி வெளியுறவு அமைச்சகம் அறிக்கை விட்டபோது, சரியான பதில் என்றுதான் நானும் நினைத்தேன்.

ஆனால் அந்த மலிவு எண்ணெயின் பலன் எங்கே போனது? தமிழ்நாட்டில் பெட்ரோல் 2022இலும் லிட்டர் நூறு ரூபாய்க்கு மேல், இன்றைக்கும் நூறு ரூபாயை ஒட்டித்தான். 2022 மே மாதக் கலால் வரிக் குறைப்புக்குப் பிறகு ஒரே ஒரு தடவை, 2024 மார்ச்சில், மக்களவைத் தேர்தலுக்குச் சற்று முன்பு, இரண்டு ரூபாய் குறைத்தீர்கள். அதே 2023-24 நிதியாண்டில் பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் மூன்றும் சேர்ந்து ஈட்டிய லாபம் சுமார் 81,000 கோடி ரூபாய். அதில் தள்ளுபடி எண்ணெயின் பங்கு எவ்வளவு, தனியார் சுத்திகரிப்பு ஆலைகளுக்கு எவ்வளவு கிடைத்தது, கலால் வரியாகக் கருவூலத்துக்கு எவ்வளவு வந்தது என்ற கணக்கை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மின்வெட்டு நேரத்தில் என் யூனிட்டில் ஓடும் ஜெனரேட்டருக்கு ஊற்றுகிற டீசலில் அந்தத் தள்ளுபடியை நான் பார்த்ததில்லை.

அடுத்ததைக் கேளுங்கள். அமெரிக்க உத்தரவில் சில பொருட்களுக்கு விலக்கு உண்டு. மருந்துக்கு உண்டு, ஸ்மார்ட்போனுக்கு உண்டு. பெட்ரோலியப் பொருட்களுக்கும் உண்டு! ரஷ்யக் கச்சா எண்ணெயை இங்கே சுத்திகரித்துப் பெட்ரோலாகவோ டீசலாகவோ அமெரிக்காவுக்கு அனுப்பினால் இந்தத் தண்டனை வரி கிடையாது. ஈரோட்டுப் பக்கம் விளைந்த பருத்தியில், பல்லடத்தில் நூற்ற நூலில், திருப்பூரில் தைத்த பனியனுக்கு உண்டு. குற்றம் எண்ணெய் என்கிறார்கள், எண்ணெயை விட்டுவிட்டுத் துணியைப் பிடித்திருக்கிறார்கள்.

வெளியுறவு அமைச்சர் அவர்களே, "இந்தியாவிடம் சுத்திகரித்த எண்ணெய் வாங்குவதில் உங்களுக்குச் சிக்கல் என்றால் வாங்காதீர்கள், யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்று ஆகஸ்ட் மாதத்தில் ஒரு மாநாட்டில் சொன்னீர்கள். அந்தக் காணொளி எங்கள் பக்கத்து யூனிட்டு வாட்ஸ்அப் குழுவிலெல்லாம் சுற்றியது. டைலர்கள் கைதட்டினார்கள். எனக்கும் கேட்க இனிப்பாகத்தான் இருந்தது. அமெரிக்கர்கள் எண்ணெய் வாங்குவதை நிறுத்தவில்லை, பனியன் வாங்குவதை நிறுத்தினார்கள்.

யாருக்கும் தலைவணங்காத வெளியுறவுக் கொள்கை என்பது நல்ல மரபுதான். 1965-66 வறட்சியில் அமெரிக்க அதிபர் ஜான்சன் கோதுமைக் கப்பல்களை இழுத்துப் பிடித்து நம்மைக் கெஞ்ச வைத்த அவமானம்தான், நாம் பசுமைப் புரட்சியில் அவ்வளவு வேகமாக இறங்கியதற்கு ஒரு காரணம். 1971இல் சோவியத்துடன் நட்பு ஒப்பந்தம் போட்டது வங்கதேசப் போரில் நமக்குக் கைகொடுத்தது. ஆனால் இந்த மரபு எப்போதும் ஒரே உறுதியோடு இருந்ததில்லை என்பதும் உண்மை. 2019 மே மாதம், ஈரான் மீதான தடையிலிருந்து நமக்குத் தந்திருந்த விலக்கை அமெரிக்கா நிறுத்தியதும், ஈரானிடம் எண்ணெய் வாங்குவதைச் சத்தமில்லாமல் நிறுத்திவிட்டோம். அன்று வளைந்தோம், இன்று வளையவில்லை. இரண்டுக்கும் காரணங்கள் இருக்கலாம். ஈரான் எண்ணெயை விட்டதால் நமக்கு ஏற்பட்ட நஷ்டத்தை நாடு முழுதும் பகிர்ந்துகொண்டது. ரஷ்ய எண்ணெயை விடாததால் வரும் நஷ்டம் திருப்பூர், சூரத், பானிபட், ஆக்ரா, ஆந்திர இறால் பண்ணைகள் என்று சில ஊர்களின் தலையில் மட்டும் இறங்குகிறது. என் வழக்கு முழுதும் இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

அமெரிக்க அதிபர் டிரம்ப்போடு ஹூஸ்டனில் 2019இல் மேடை போட்டீர்கள், அடுத்த பிப்ரவரியில் அகமதாபாத் மைதானத்தில் மேடை போட்டீர்கள். தலைவர்களின் தோழமையால் வியாபாரம் பெருகும் என்றீர்கள். இந்த ஆகஸ்ட் கடைசியில் தியான்ஜின் நகரில் சீன அதிபரோடும் ரஷ்ய அதிபரோடும் சிரித்துப் பேசிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கட்டிப்பிடிப்பதும் கைகுலுக்குவதும் உங்கள் தொழிலின் பகுதி, அதில் எனக்குப் புகார் இல்லை. ரஷ்யாவோடு இவ்வளவு நட்பு இருந்தும் அவர்கள் நம்மிடம் என்ன வாங்குகிறார்கள் என்றுதான் கேட்கிறேன். 2024-25இல் இரு நாட்டு வணிகம் கிட்டத்தட்ட 69 பில்லியன் டாலர். அதில் நாம் விற்றது 5 பில்லியன்கூட இல்லை. மீதியெல்லாம் நாம் வாங்கியது. இந்திய வங்கிகளில் கோடிக்கணக்கில் ரூபாய் குவிந்து கிடக்கிறது, அதை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் 2023 மே மாதம் கோவாவில் வைத்தே சொன்னார். அந்த ரூபாய்க்கு எங்கள் சட்டையையும் பனியனையும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அன்றைக்கு யாராவது அவரிடம் சொன்னீர்களா? அவர்கள் நாட்டிலும் குழந்தைகள் டி-ஷர்ட் போடத்தான் செய்கிறார்கள்.

சோவியத் காலத்தில் ரூபாய் கணக்கில் லூதியானா பின்னலாடைகள் அங்கே போய்க்கொண்டிருந்தன. 1991இல் அந்த நாடே இல்லாமல் போனதும் லூதியானா பட்ட பாட்டை எங்கள் ஊர்ப் பழைய முதலாளிகள் இன்றும் சொல்வார்கள். ஒரே வாடிக்கையாளரை நம்பியிருக்கக்கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் வேறு வாடிக்கையாளரிடம் போகும் கதவைத் திறப்பது கம்பெனி முதலாளியின் கையில் இல்லை. வங்கதேசம் பின்தங்கிய நாடு என்ற சலுகையில் ஐரோப்பாவுக்கு வரியில்லாமல் விற்கிறது. பாகிஸ்தானுக்கு 2014 முதல் சலுகை. வியட்நாமின் ஒப்பந்தம் 2020இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. நாம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு 2007இல் பேசத் தொடங்கி, 2013இல் நிறுத்தி, 2022இல் மறுபடி தொடங்கி, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். காருக்கும் மதுவுக்கும் எவ்வளவு வரி என்ற இழுபறியில் பனியன் காத்திருந்தது. பிரிட்டன் ஒப்பந்தத்தில் இந்த ஜூலையில் கையெழுத்தானது நல்ல செய்தி. நடைமுறைக்கு வந்தால்தான் அது எங்களுக்கு ஆர்டர்.

வெளியுறவுக் கொள்கையால் எங்களுக்கு லாபமே வந்ததில்லை என்றும் சொல்ல மாட்டேன். டாக்காவில் ஆட்சி மாறி உறவு கசந்த பிறகு, இந்த மே மாதம் வங்கதேச ஆயத்த ஆடைகள் தரைவழியாக வருவதை நிறுத்தினீர்கள். எங்கள் ஊரில் பலர் வரவேற்றார்கள். எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. அங்கேயும் என்னைப் போல ஒருத்தி மிஷினுக்கு உறை போட்டிருப்பாள்.

பிரதமர் ஆகஸ்ட் 7ஆம் தேதி டெல்லியில், எம்.எஸ்.சுவாமிநாதன் நூற்றாண்டு மாநாட்டில், விவசாயிகளின் நலனை விட்டுக்கொடுக்க மாட்டேன், அதற்காகத் தனிப்பட்ட முறையில் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தாலும் தயார் என்று பேசினார். அமெரிக்கப் பாலுக்கும் மக்காச்சோளத்துக்கும் கதவைத் திறக்காமல் நின்றது சரியான முடிவு. எங்கள் கொங்கு நாட்டில் மாடு இல்லாத தோட்டம் அபூர்வம், அந்த அருமை எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த விலையை அவர் கொடுக்கவில்லை. தீபாவளி போனஸ் எவ்வளவு என்று கேட்கத் தயங்கி நிற்கும் என் டைலர் கொடுக்கிறார். சத் பூஜைக்கு ஊருக்குப் போகிறேன் என்று பையை முழுதாகக் கட்டிக்கொண்டு கிளம்பும் பீகார்ப் பையன் கொடுக்கிறான். அவன் திரும்பி வர மாட்டான் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

இதற்கு நிவாரணமாகச் செய்தது என்ன? பஞ்சுக்கான 11 சதவீத இறக்குமதி வரியை டிசம்பர் வரை எடுத்தீர்கள். எங்கள் தொழில் சங்கங்கள் கேட்டதுதான், நூல் விலைக்கு அது உதவும். அதன் சுமை போய்ச் சேருவது பருத்தி விவசாயியிடம். ஆர்டரே இல்லாதபோது மலிவு நூலை வைத்து நான் என்ன செய்வது? மற்ற சலுகைகள் பற்றிக் கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். ஏற்றுமதிப் பதிவு எண் இருக்கிறதா என்றார்கள். இல்லை, கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் என்றேன். அப்படியானால் நீங்கள் பாதிக்கப்பட்டவர் பட்டியலில் வரமாட்டீர்கள் என்றார் அதிகாரி, மரியாதையாகத்தான். தைத்தவள் பட்டியலில் இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

ரஷ்ய எண்ணெய்த் தள்ளுபடியால் 2022 முதல் இன்றுவரை நாட்டுக்கு மிச்சமானது எவ்வளவு, அது யார் யாருக்குப் போனது என்று ஒரு வெள்ளை அறிக்கை வேண்டும். அந்த மிச்சத்திலிருந்தே, தண்டனை வரியால் பாதிக்கப்பட்ட தொழில்களுக்கு ஒரு நிதி ஒதுக்குங்கள். தானமாகக் கேட்கவில்லை. ஒரே முடிவின் லாபமும் நஷ்டமும் ஒரே கணக்கில் வரட்டும் என்கிறேன்.

அந்த நிதி ஏற்றுமதிப் பதிவு வைத்திருப்பவரோடு நின்றுவிடக்கூடாது. ஜாப் ஒர்க் பில்லையும் ஜிஎஸ்டி கணக்கையும் வைத்தே எங்களைக் கண்டுபிடிக்கலாம். வேலை இழந்த தொழிலாளிக்கு இஎஸ்ஐ, பிஎஃப் பதிவைக் கொண்டு நேரடியாகக் குறைந்தது ஆறு மாதத்துக்குப் பாதிச் சம்பளமாவது கொடுங்கள். பதிவே இல்லாத தொழிலாளர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு மாநில அரசோடு சேர்ந்து வழி காணுங்கள்.

வங்கிக் கடன் தவணைகளை அடுத்த நிதியாண்டு முடியும் வரை தள்ளிவைத்து, அதற்குள் எந்த யூனிட்டையும் வாராக்கடன் பட்டியலில் சேர்க்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி மூலம் உத்தரவிடுங்கள்.

ரஷ்யா இடம்பெற்ற யூரேசியப் பொருளாதார ஒன்றிய நாடுகளோடு தடையற்ற வணிகம் பேச ஆகஸ்டில் மாஸ்கோவில் வரையறை கையெழுத்தானது. ரஷ்ய அதிபர் ஆண்டு இறுதிக்குள் டெல்லி வருவார் என்கிறார்கள். அவர் வரும்போது எண்ணெய்க்கும் ஆயுதத்துக்கும் அடுத்து ஆயத்த ஆடை பேச்சின் பட்டியலில் இருக்க வேண்டும். ரூபாயில் வாங்க ஓர் அளவையாவது ஒப்புக்கொள்ள வையுங்கள். ஐரோப்பிய ஒன்றிய ஒப்பந்தத்தை முடிக்க ஒரு தேதி சொல்லுங்கள்.

கடைசியாக, இப்படிப்பட்ட முடிவு எடுக்கும் முன் எந்தத் தொழிலுக்கு எந்த ஊரில் என்ன ஆகும் என்ற மதிப்பீட்டை வெளியுறவு அமைச்சகமும் வணிக அமைச்சகமும் சேர்ந்து தயாரித்து அமைச்சரவையின் முன் வைக்க வேண்டும். அதைத் தயாரிக்கும் மேசையில் ஏற்றுமதிச் சங்கத் தலைவர்களோடு ஒரு தொழிற்சங்கப் பிரதிநிதியும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்காரரும் உட்கார வேண்டும்.

இதற்கான பதிலை எனக்குத் தனியாக எழுத வேண்டாம். நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரில் அவையில் வையுங்கள். அடுத்த கோடைக்கான ஆர்டர்களைப் பையர்கள் முடிவுசெய்கிற மாதங்கள் இவைதான், அதற்கு மேல் தாமதித்தால் அந்தப் பதில் எங்களுக்குப் பயன்படாது.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு ஜாப் ஒர்க் யூனிட் உரிமையாளர்